வெளிநாட்டுச் சிற்றூரில் தன்னார்வப் பணி: புறப்படும் முன் எதைக் கேட்டுத் தெளிவது?

புறப்பாடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 21. இளங்கலைப் படிப்பு இந்த ஆண்டோடு முடிகிறது. மேற்படிப்பில் சேருவதற்கு முன், வெளிநாட்டில் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில் மூன்று மாதம் தன்னார்வலராகப் பணியாற்ற ஓர் ஏற்பாட்டு நிறுவனத்தின் வழியாக இடம் கிடைத்திருக்கிறது. முற்பகலில் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க வேண்டும். பிற்பகலில் பள்ளிக் கட்டடத்துக்கு வண்ணம் பூச வேண்டும். வார இறுதிகளில் பக்கத்து ஊரிலுள்ள குழந்தைகள் இல்லத்துக்குச் சென்று பிள்ளைகளுடன் நேரம் செலவிட வேண்டும். தங்குமிடம், உணவு, ஏற்பாட்டுக் கட்டணம் எல்லாவற்றையும் நானே செலுத்த வேண்டும்.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவள் அல்ல. அந்த ஊரின் மொழியும் எனக்குத் தெரியாது. ஆனாலும் போக வேண்டும் என்ற ஆவல் பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. இதை வீட்டில் சொன்னபோது என் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்கே உன்னை யார் கூப்பிட்டார்கள்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போய் வந்தவர்களும், தன்னார்வலர்களை வரவேற்று நடத்திய அனுபவம் உள்ளவர்களும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெடுவழி எழுதியது:

தங்கையே, உங்கள் அம்மாவின் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

நான் என் 24ஆம் வயதில் ஒரு வெளிநாட்டுச் சிற்றூருக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் இருந்தேன். ஏறத்தாழ நாற்பது வீடுகள், ஒரு பள்ளி, இரண்டு அடிபம்புகள். பள்ளிக்கு ஒரு நூலகம் அமைப்பது எனக்குத் தரப்பட்ட வேலை. நூலகமும் அமைந்தது. ஆனால் நான் சொல்ல விரும்புவது அடிபம்பைப் பற்றி.

இரண்டில் ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதனால் ஊரின் ஒரு பகுதியைச் சேர்ந்த சிறுமிகள் விடியற்காலையில் தொலைவுக்கு நடந்து நீர் எடுத்து வந்த பிறகே பள்ளிக்கு வந்தார்கள். முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் அவர்கள் முகத்தை வகுப்பில் காண முடியும். கிணறு வற்றிவிட்டது என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். எட்டாம் மாதத்தில் ஒரு நாள், நான் தங்கியிருந்த வீட்டின் பாட்டி பேச்சுவாக்கில் உண்மையைச் சொன்னார். கீழே நீர் இருக்கிறது. உள்ளே உள்ள வாஷர் தேய்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். அதே செய்தியை நான் வந்த முதல் மாதத்திலேயே என்னிடம் சொன்னதாகவும், நான் புன்னகையோடு தலையசைத்துவிட்டுப் போனதாகவும் அவர் சொன்னபோது எனக்கு எழுந்த வருத்தம் இன்றும் குறையவில்லை. அவர் பேசிய மொழி அன்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை.

அது இந்தியா மார்க் 2 வகை அடிபம்பு. 1970களில் இந்தியாவில் யுனிசெஃப் துணையோடு உருவாக்கப்பட்டுப் பின்னர் பல நாடுகளுக்குப் பரவிய உறுதியான பம்பு அது. ஆனால் அடியில் உள்ள வாஷரை மாற்ற வேண்டுமானால் நிலத்துக்குள் இறங்கியிருக்கும் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும்; அதற்குத் தனிக் கருவிகளும் நான்கைந்து பேரின் உழைப்பும் தேவை. பின்னர் வந்த மார்க் 3 வகையில், குழாயைக் கழற்றாமல் அதன் வழியாகவே, வாஷர் பொருந்திய பிஸ்டனை மேலே இழுத்துவிடலாம். பழுதுபார்ப்பு ஊர்மக்கள் கைக்கே வர வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது. எங்கள் ஊரில் கருவியும் இல்லை, பழகியவரும் இல்லை. நான் செய்தது மிகச் சிறிய வேலை: மனு எழுத உதவினேன், ஊர் இளைஞர்கள் இருவர் நகரத்து மெக்கானிக்கிடம் வேலை பழகச் சென்றபோது அவர்களுடன் போனேன். வீடுதோறும் தொகை திரட்டியதும், பம்பைக் கழற்றி மாட்டியதும் அவர்கள்தான். அந்தச் சிறுமிகள் முதல் மணிக்கே வகுப்புக்கு வரத் தொடங்கினார்கள்.

மூன்று மாதத்தில் திரும்பியிருந்தால் நூலகத்தின் படத்தோடு வீடு வந்து சேர்ந்திருப்பேன். பம்பைப் பற்றி எனக்குத் தெரிந்தே இருக்காது. 1961இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பீஸ் கோர் என்ற அரசுத் தன்னார்வ அமைப்பு, தன் தன்னார்வலர்களுக்கு ஏறத்தாழ மூன்று மாதப் பயிற்சியும் அதன் பின் இரண்டு ஆண்டுப் பணியும் என 27 மாதங்களை வகுத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பயிற்சிக் காலத்திலேயே உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி பழக வைக்கிறார்கள்.

செவிலி எழுதியது:

நண்பர்கள் மற்றவற்றைப் பேசட்டும். நான் ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன்: குழந்தைகள் இல்லப் பணியை அந்தத் திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் அந்த நிறுவனத்தோடு போகாதீர்கள்.

இது தங்களது அன்பைக் குறைத்துப் பேசுவது அல்ல. நான் குழந்தைகள் நலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இளம் பிள்ளைகளுக்குத் தேவை, நாள்தோறும் மாறாமல் இருக்கும் ஒருசில முகங்கள். புதியவர் வந்து மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சி, மூன்று வாரத்திலோ மூன்று மாதத்திலோ சொல்லாமல் மறைந்து, அவர் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பது திரும்பத் திரும்ப நடக்கும்போது, யாரோடும் ஒட்டாத தன்மையோ, காண்பவர் எல்லோரிடமும் ஓடி ஒட்டிக்கொள்ளும் தன்மையோ பிள்ளையிடம் படிந்துவிடுகிறது. அந்த இரண்டாவது வகைப் பிள்ளையைப் பார்த்துத்தான், எவ்வளவு அன்பான குழந்தை என்று வந்தவர்கள் நெகிழ்கிறார்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும், வெளிநாட்டவரின் வருகையையும் நன்கொடையையும் நம்பி இல்லங்கள் பெருகியதும், அவற்றை நிரப்புவதற்காகச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் அழைத்துவரப்பட்டதும் வெளிப்பட்டவை. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைக்கு எதிரான சட்டத்தை இயற்றியபோது இந்தச் சிக்கலும் அங்கு விரிவாக விவாதிக்கப்பட்டது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானம், சுற்றுலாவோடு பிணைந்த இல்லத் தன்னார்வப் பணிகளால் விளையும் தீங்கைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

தங்களிடம் காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டார்களா? பிள்ளைகளோடு பழகப்போகும் ஒருவரிடம் அதைக்கூடக் கேட்காத நிறுவனம் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றி எண்ணவே இல்லை.

சாளரம் எழுதியது:

செவிலி அவர்கள் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நெடுவழி ஐயா எழுதியதில் மட்டும் உடன்பட முடியாத இடம் ஒன்று உண்டு. இரண்டு ஆண்டு ஒதுக்க முடியாதவர்கள் போகவே கூடாது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. இரண்டு ஆண்டுகள் வருமானமின்றி இருக்கக்கூடிய இளைஞர்கள் எத்தனை பேர்?

நான் இரண்டு முறை மூன்று வாரப் பணிமுகாம்களுக்குச் சென்றிருக்கிறேன். இந்த மரபு பழையது. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920இல், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல் பல நாட்டவரைத் திரட்டிக்கொண்டு பிரான்சில் வெர்தன் அருகே சிதைந்து கிடந்த ஒரு சிற்றூரை மீட்டெடுக்கப் போனார். நேற்று வரை பகை நாட்டினராக இருந்த ஜெர்மானியர்களும் அக்குழுவில் இருந்தார்கள். சர்வதேச குடிமைச் சேவை என்ற அமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. 1934இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபின், அவரே அங்கு வந்து ஊர்களை மீண்டும் எழுப்பும் பணியில் ஈடுபட்டார். இம்முகாம்களில் எத்தனை சுவர் எழுந்தது என்ற கணக்கைக் காட்டிலும், ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள் என்பதே பெரிது. நான் சென்ற முகாமில் ஊர் இளைஞர்களும் நாங்களும் சம எண்ணிக்கையில் இருந்தோம்; ஓடைக்கரை நடைபாதையைச் செப்பனிட்டோம்; எந்த வேலை, எந்த நேரம் என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். குறுகிய காலமும் பயன் தரும் என்று நான் நம்புகிறேன். ஊரை மாற்றப் போகிறோம் என்று சொல்லிக்கொள்ளாமல் போக வேண்டும்.

ஊர்க்கிணறு எழுதியது:

நான் எதிர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டுத் தன்னார்வலர்களை வரவேற்கும் ஓர் உள்ளூர் அமைப்பில் ஒன்பது ஆண்டுகள் கள ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். புதியவரைப் பேருந்து நிற்குமிடத்தில் சென்று அழைத்து வருவதும், காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வதும், அழுதால் அருகில் உட்கார்ந்திருப்பதும் என் வேலைகள்.

முதலில், ஒரு விருந்தினர் வரும்போது ஊர் என்ன தருகிறது என்பதைப் பேச வேண்டும். வீட்டில் நல்ல அறை அவருக்குப் போகிறது. பிள்ளைகள் கூடத்தில் படுக்கிறார்கள். வீட்டுப் பெண் ஒரு மணி நேரம் முன்னதாக எழுகிறார். ஆசிரியர் தம் பாடத்தை நிறுத்திவிட்டு மொழிபெயர்ப்பாளராக நிற்கிறார். இவற்றை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, வந்தவரும் அறிவதில்லை. தாங்கள் செலுத்தும் கட்டணத்தில் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போகிறது, எப்போது போகிறது என்று நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான விடை தரும் அமைப்புகள் இருக்கின்றன. விடையைச் சுற்றி வளைத்தால் பொருள் புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது வண்ணம் பூசும் வேலை. நாங்கள் இருந்த பகுதியில் ஒரு பள்ளிக்கு ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை வண்ணம் பூசினார்கள். வருவோருக்கு எளிதில் கொடுக்கக்கூடிய வேலை அதுவாக இருந்தது. அதே ஊரில் வண்ணம் பூசுவதையே தொழிலாகக் கொண்ட இருவர் வேலையின்றி இருந்தார்கள். இதைத் தலைமையாசிரியரும் அறிவார், நானும் அறிவேன். மறுத்தால் அடுத்த ஆண்டு நன்கொடை நின்றுவிடுமோ என்ற அச்சத்தில் இருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இங்கே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆங்கில வகுப்பு இன்னும் நுட்பமானது. பயிற்சியில்லாத ஒருவர் தனியாக வகுப்பெடுத்தால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே எழுத்துகளும் அதே நிறப் பெயர்களும் அதே விளையாட்டுப் பாடல்களும் முதலிலிருந்து தொடங்கும். ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பெயர்களுக்கு மேல் போகாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தீங்கும் உண்டு: வெளிநாட்டவர் நடத்துவதே உண்மையான பாடம் என்று பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினால், ஆண்டு முழுவதும் அவர்களோடு இருக்கும் ஆசிரியரின் மதிப்பு அவர் கண்முன்னே சரிகிறது.

மாறாக, சிறப்பாகப் பணியாற்றியவர்களும் எங்களிடம் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வகுப்பே எடுக்கவில்லை. மாலையில் ஆசிரியர்கள் மூவருடன் அமர்ந்து ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் உரையாடுவார். அவர்களுடைய பாடக்குறிப்பில் ஐயம் இருந்தால் தீர்த்து வைப்பார். பத்து மாதங்கள் அதை மட்டுமே செய்தார். அவர் போன பிறகும் அந்த மூவரும் வகுப்பில் இருந்தார்கள். வேறொருவர் கணக்குப் படித்தவர். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைக் கணினியில் ஏற்றுவதற்குப் பொருளாளருக்குக் கற்றுக் கொடுத்து, தாம் தொடாமல் அவரே மூன்று மாதக் கணக்கை முடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஆகவே அம்மாவின் கேள்வியை நிறுவனத்திடம் இப்படிக் கேட்கலாம்: இந்தப் பணி வேண்டும் என்று ஊரில் யார், எப்போது கேட்டார்கள்? எனக்கு முன் இதைச் செய்தவர் யார், அவர் விட்ட இடம் எது? நான் போனபின் யார் கையில் இது இருக்கும்? பள்ளியில் யாரோடு நான் பேசலாம்? கடைசிக் கேள்வி முக்கியமானது. பள்ளியோடு நேரடியாகப் பேச விடாத நிறுவனத்தை நம்ப வேண்டாம்.

நெடுவழி எழுதியது:

சாளரம் அவர்களுக்கு: ஏற்கிறேன். நான் எழுதியது காலத்தைப் பற்றி என்பதைவிட, காலத்துக்குப் பொருந்தாத வேலையைப் பற்றி என்று திருத்திக்கொள்கிறேன். மூன்று வாரத்தில் நடைபாதை செப்பனிடலாம். மூன்று வாரத்தில் கற்பிக்க முடியாது.

1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் சிந்தனையாளர் இவான் இல்லிச், கோடைக்காலத் தொண்டுக்கு வந்த அமெரிக்க மாணவர் அமைப்பினரிடம் மிகக் கடுமையாகப் பேசினார். காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவுவதற்கென்று வராதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். போகக்கூடிய நல்ல வழிகளை ஊர்க்கிணறு அவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் தாங்கள் குறிப்பிட்ட வெர்தன் முகாம்கூட, ஜெர்மானியர் இருப்பதை உள்ளூரார் ஏற்காததால் சில மாதங்களில் முடிவுக்கு வந்தது என்பதை மறக்கக் கூடாது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஊருக்கு உண்டு. இன்றைய ஏற்பாடுகள் பலவற்றில் அந்த உரிமை ஊரிடம் இல்லை என்பதே என் வருத்தம்.

மகளை அனுப்பிய தாய் எழுதியது:

என் மகள் சென்ற ஆண்டு இப்படிச் சென்று வந்தாள். அம்மாக்கள் கேட்பதை நானும் கேட்டுவிடுகிறேன். அறைக்கு உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாள் இருக்கிறதா? தங்கும் வீடு சரியாக அமையாவிட்டால் ஒரே நாளில் வேறு வீட்டுக்கு மாற்றித் தரும் பொறுப்பு யாருடையது? இரவில் அழைத்தால் எடுக்கும் எண் ஒன்றாவது நாட்டுக்குள் இருக்கிறதா? தொல்லை தருபவர் அந்த அமைப்பைச் சேர்ந்தவராகவே இருந்தால் யாரிடம் முறையிடுவது? கடைசிக் கேள்விக்கு என் மகளின் ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் விடை இருந்தது. அதைப் படித்த பிறகே நான் சம்மதித்தேன்.

விசா விஷயத்திலும் கவனம் வேண்டும். சுற்றுலா விசாவில் ஊதியமில்லாத் தொண்டு செய்வதும் பல நாடுகளில் விதிமீறல். பரவாயில்லை, எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள் என்று யாராவது சொன்னால், சிக்கல் வரும்போது மாட்டிக்கொண்டு நிற்கப்போவது நீங்கள்தான், அவர்கள் அல்ல.

செவிலி எழுதியது:

உடல்நலம் பற்றியும் சுருக்கமாக. குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். சிற்றூர்களில் நாய்க்கடிக்கு உடனே மருந்து கிடைப்பது அரிது. முன்கூட்டியே வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முதல் நாளும் அதிலிருந்து ஏழு நாள் கழித்தும் என இரண்டு முறை போட்டுக்கொண்டால், பின்னர் கடிபட்டாலும் கிடைப்பதற்கரிய இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்து தேவைப்படாது. ஆனால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதும், கடித்தபின் போட வேண்டிய ஊசிகளும் அப்போதும் கட்டாயம். மலேரியாத் தடுப்பு மாத்திரைகளில் சிலவற்றை ஊரிலிருந்து திரும்பிய பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே இருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். காப்பீட்டில் அவசரமாக வேறிடத்துக்குக் கொண்டு செல்லும் செலவு அடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புறப்பாடு எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஊர்க்கிணறு அவர்கள் சொன்ன நான்கு கேள்விகளையும், தாயார் ஒருவர் எழுதிய கேள்விகளையும் நிறுவனத்துக்கு அனுப்பினேன். குழந்தைகள் இல்லப் பணி விருப்பத்துக்குரியது, வேண்டாமென்றால் விடலாம் என்றார்கள். ஏன் அது இன்னும் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பள்ளியோடு பேச வேண்டும் என்றதற்கு அது வழக்கமில்லை என்றார்கள். முன்பணத்தின் ஒரு பகுதியை இழந்து அந்த இடத்தைக் கைவிட்டேன்.

இப்போது வேறோர் அமைப்பில் விண்ணப்பித்திருக்கிறேன். பத்து மாதப் பணி. முதல் ஆறு வாரம் மொழி வகுப்பு மட்டும். பள்ளித் தலைமையாசிரியை காணொளி அழைப்பில் அரை மணி நேரம் என்னோடு பேசினார். ஆசிரியர் உதவியாளராக மட்டும் இருக்க வேண்டும், தனியாக வகுப்பு தரமாட்டேன் என்று அவரே சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மேற்படிப்பை ஓராண்டு தள்ளிவைக்கிறேன். தலைமையாசிரியை பெயரைச் சொன்னதும் அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. பிள்ளைகளிடம் நான் போய்விடுவேன் என்பதை எப்போது சொல்ல வேண்டும்?

ஊர்க்கிணறு எழுதியது:

முதல் நாளே சொல்லிவிடுங்கள், தங்கையே. வகுப்பில் நாள்காட்டி இருக்கும். தாங்கள் கிளம்பும் மாதத்தைப் பிள்ளைகளுக்கு முன் அதில் குறித்து வையுங்கள். கடைசி மாதத்தில் வாரம் ஒரு முறை நினைவூட்டுங்கள். மீண்டும் வருவேன் என்று உறுதி தர வேண்டாம். வர முடிந்தால் வந்து நில்லுங்கள்.

புறப்படுவதற்கு முன், தாங்கள் செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் அந்த ஊர் மொழியில் ஒரு நோட்டில் எழுதி, ஆசிரியை ஒருவரிடம் படித்துக் காட்டித் திருத்தி, பள்ளி அலமாரியில் வைத்துவிட்டு வாருங்கள். நான் இருந்த ஒன்பது ஆண்டுகளில் அப்படி இரண்டு நோட்டுகள் மட்டுமே எங்களுக்குக் கிடைத்தன. இரண்டும் கிழியும் வரை பயன்பட்டன.